சூப்பர்சார்ஜர் போடலாம், முதலில் சூட்டுக்கு ஒரு வழி

கேள்வி: என்னிடம் 2013 மாடல் டொயோட்டா 86 இருக்கிறது. மேனுவல் கியர், 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மெல்போர்னில் தினமும் வேலைக்கு அதில்தான் போகிறேன். வருடத்தில் நாலைந்து முறை சாண்டவுன் பந்தயத் தடத்தில் டிராக் டே. வளைவில் வண்டி நிற்கிற விதத்துக்கு நான் அடிமை. ஆனால் 3500 ஆர்பிஎம் தாண்டியதும் ஓர் இடத்தில் இழுவை சோர்ந்துவிடுகிறது. நண்பர் ஒருவர் தன் 86-ல் இருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர் கிட்டை, அதாவது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவியை, 3,500 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். ட்வின் ஸ்க்ரூ வகை (இரண்டு திருகு ரோட்டர்கள் சுற்றி அமுக்குவது), அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் கிடையாது. "ஏழு பிஎஸ்ஐ பூஸ்ட்தானே, இன்டர்கூலர் எதற்கு? லோட்டஸ் எலீஸ் எஸ்சி-யில் கம்பெனியே இன்டர்கூலர் இல்லாமல்தான் போட்டது" என்கிறார். இப்போதைக்கு இதைப் போட்டு ஓட்டிவிட்டு, அடுத்த வருடம் காசு சேர்ந்ததும் இன்டர்கூலர் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். எஞ்சின் தாங்குமா? எவ்வளவு பவர் எதிர்பார்க்கலாம்? இன்னொன்று: பி பிளேட்டில் (புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கான கட்டத்தில்) இருக்கும் என் தங்கையும் அவ்வப்போது இந்தக் காரை எடுப்பாள்.

பதில்:

தம்பி, உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. லோட்டஸ் சமாசாரம் உண்மைதான், அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் என் பதில்: சூப்பர்சார்ஜர் போடுங்கள், தப்பில்லை. இன்டர்கூலர் இல்லாமல் போடாதீர்கள். "இப்போது பாதி, அடுத்த வருடம் மீதி" என்று பிரித்துச் செய்கிற வேலை இல்லை இது.

காரணம் சூடு. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஜனவரிக் கோடையில் ஒரு நாள், வெளியே 40 டிகிரி. ஏழு பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய அரை பார். அதாவது காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறோம். எந்த இழப்பும் இல்லாத, ஏட்டில் மட்டுமே இருக்கிற ஒரு சூப்பர்சார்ஜர் அமுக்கினால்கூட காற்று 38 டிகிரி சூடேறும். நிஜத்தில் நல்ல ட்வின் ஸ்க்ரூவின் திறன் 70 சதவீதம் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஏறுவது 55 டிகிரி. ஆக, எஞ்சினுக்குள் போகிற காற்று 95 டிகிரி. தேநீர் போடத் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு ஐந்து டிகிரிதான் குறைவு.

சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. அழுத்தம் 50 சதவீதம் கூடினாலும், இந்தச் சூட்டில் உள்ளே போகிற காற்றின் எடை 28 சதவீதம்தான் கூடும். நடுவில் ஓர் இன்டர்கூலர் இருந்து, அது ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை இறக்கிவிட்டால் காற்று 57 டிகிரிக்கு வரும். இன்டர்கூலருக்குள் புகுந்து வருவதில் கொஞ்சம் அழுத்தம் போகும். அதையும் கழித்தால்கூட காற்றின் எடை 38 சதவீதம் கூடியிருக்கும். இந்தப் பத்து சதவீத வித்தியாசம் மட்டும்தான் பிரச்சினை என்றால், போனால் போகிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

பிரச்சினை சிலிண்டருக்குள் இருக்கிறது. உங்கள் காரில் இருப்பது சுபாருவின் எஃப்ஏ20 பாக்ஸர் எஞ்சின். 1998 சிசி, போரும் ஸ்ட்ரோக்கும் இரண்டுமே 86 மில்லிமீட்டர், கம்ப்ரஷன் 12.5-க்கு 1. சூப்பர்சார்ஜர் முடித்த வேலையைப் பிஸ்டன் மறுபடி ஆரம்பிக்கிறது. அந்தப் பன்னிரண்டரை மடங்கு அமுக்கலில், உள்ளே வரும்போது 40 டிகிரியாக இருக்கிற வித்தியாசம் பிஸ்டன் உச்சிக்குப் போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட 100 டிகிரி வித்தியாசமாகப் பெருகிவிடும். அங்கேதான் பெட்ரோல், பிளக் பொறியில் கிளம்பிய தீ வந்து சேரும்வரை காத்திராமல் தானாகப் பற்றிக்கொள்ளும். நாக்கிங் என்கிறோமே, அது. இந்த எஞ்சினில் சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் இருப்பதால் உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கிறது. அதனால்தான் 12.5 கம்ப்ரஷனோடு சாதாரணமாக ஓட முடிகிறது. அந்தச் சலுகையை டொயோட்டாவும் சுபாருவும் ஏற்கெனவே செலவழித்துவிட்டார்கள். உங்களுக்கு மிச்சம் அதிகம் இல்லை.

86 என்ற பெயரே பழைய ஏஇ86 கொரோலாவிலிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஏஇ86-ல் இருந்த 4ஏ-ஜிஇ எஞ்சினுக்கு 1986-ல் டொயோட்டாவே ஒரு சூப்பர்சார்ஜரைப் பூட்டி, 4ஏ-ஜிஸட்இ என்று பெயர் வைத்து எம்ஆர்2-வில் போட்டது. 1587 சிசி, 145 குதிரைத்திறன். அப்போது என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: கம்ப்ரஷனை 8.0-க்கு இறக்கினார்கள், உள்ளே ஃபோர்ஜ்டு பிஸ்டன் வைத்தார்கள், எஞ்சின் தலைக்கு மேலேயே இன்டர்கூலரையும் வைத்தார்கள். சூப்பர்சார்ஜர் புல்லியில் மின்காந்த கிளட்ச் வேறு. ஏசி கம்ப்ரஸர் மாதிரி, தேவைப்படாதபோது சுற்றாது. எட்டே எட்டு கம்ப்ரஷனுக்கு அவ்வளவு முன்ஜாக்கிரதை. நீங்கள் பன்னிரண்டரையை வைத்துக்கொண்டு இன்டர்கூலரை அடுத்த வருடத்துக்குத் தள்ளுகிறீர்கள்.

சரி, லோட்டஸ். 2008-ல் வந்த எலீஸ் எஸ்சி-யில் இன்டர்கூலர் இல்லை, 220 குதிரைத்திறன். அதே டொயோட்டா 2ஸட்ஸட் எஞ்சினை வைத்து அதற்கு இரண்டு வருடம் முன்பே எக்ஸீஜ் எஸ் என்று ஒன்றை விற்றார்கள். அதில் எஞ்சின் மேல் இன்டர்கூலர், அதற்குக் காற்று வாங்கக் கூரை மேல் ஒரு வாய். அதன் பவர் 221. ஒரே ஒரு குதிரை வித்தியாசம். உங்கள் நண்பர் கைதட்டுவார். ஆனால் எந்தக் காரில் இன்டர்கூலரை வைத்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். இரண்டில் பந்தயத் தடத்துக்கென்று செய்த எக்ஸீஜில். ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் ஓட்டுகிற எலீஸில் ஐந்து விநாடி மிதிப்பீர்கள், பிறகு வளைவு வரும், கால் எடுப்பீர்கள், எல்லாம் ஆறும். தடத்தில் அந்த இடைவெளி கிடைக்காது. சாண்டவுனில் சுற்று 3.1 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் இரண்டு நீண்ட நேர்பாதைகள். ஒன்றில் ஏறிய சூடு இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். போதாக்குறைக்கு அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 11.5. உங்களுடையதைவிட ஒரு படி கீழே. அதோடு, அந்த டியூனை (எஞ்சின் கணினியில் பெட்ரோல் அளவு, பொறி நேரம் அமைப்பதை) செய்தது எஞ்சினுக்கு வாரன்டி கொடுக்க வேண்டிய கம்பெனி. உங்கள் நண்பருக்கு அந்தக் கவலை இல்லை.

உங்கள் நண்பர் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்: "என் காரில் இன்டேக் டெம்பரேச்சர் 45-ஐத் தாண்டியதே இல்லை, மீட்டரில் பார்த்தேன்." இதே வாக்கியத்தோடு போன பிப்ரவரியில் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். வெள்ளி நிற 86, உங்கள் நண்பருடையது போலவே இன்டர்கூலர் இல்லாத கிட். காரில் ஒட்டியிருந்த குட்டித் திரையில் 43 என்று பச்சை எழுத்தில் நிற்கிறது. மனிதர் பெருமையாகக் காட்டினார். நான் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டரை ஒட்டிய குழாயில் இருந்த சென்சாரைத் தொட்டுக் காட்டினேன். இந்தக் காரில் காற்றின் அளவையும் வெப்பத்தையும் பார்க்கிற சென்சார் அங்கேதான் இருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால், சூப்பர்சார்ஜருக்கு முன்னால். அது அளப்பது சூப்பர்சார்ஜருக்குள் போகிற காற்றை. வெளியே வருகிற காற்றை யாருமே அளக்கவில்லை. எஞ்சினை நடத்துகிற இசியூவுக்கும் அந்த 43-தான் தெரியும்.

மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) ஒரு துளை போட்டு, மரை எடுத்து, வேகமாகப் படிக்கிற ஒரு சென்சாரைத் திருகினோம். சக்கரத்துப் பவரை அளக்கும் டைனோவில் ஏற்றி மூன்று தடவை தொடர்ந்து இழுத்தோம். முதல் தடவை முடிவில் 84. இரண்டாவதில் 97. மூன்றாவதில் 108. திரையில் அப்போதும் 44 என்று பச்சை எழுத்து. இசியூ நாக்கிங்கைக் கேட்டுப் பொறி நேரத்தை ஐந்து டிகிரி பின்னால் இழுத்திருந்தது. மூன்றாவது இழுப்பில் சக்கரத்துப் பவர் முதல் இழுப்பைவிட 14 கிலோவாட் குறைவு. மனிதர் ஒன்றும் பேசவில்லை. சென்சாரை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னார்.

ஆகவே யார் எந்தக் கிட்டை விற்றாலும் நீங்கள் கேட்க வேண்டிய எண் பூஸ்ட் கிடையாது. சூப்பர்சார்ஜருக்குப் பின்னால், மேனிஃபோல்டில், மூன்றாவது இழுப்பின் முடிவில் காற்று எத்தனை டிகிரி? வெளி வெப்பத்தைவிட 20, 25 டிகிரிக்குள் நின்றால் எனக்குத் திருப்தி. 40-ஐத் தாண்டினால் அந்த இன்டர்கூலர் அழகுக்கு வைத்தது.

இனி, "அடுத்த வருடம் சேர்க்கலாம்" என்பதற்கு வருவோம். சென்ட்ரிஃப்யூகல் வகையாக இருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. அது டர்போவின் பாதி மாதிரி. ஓரமாக உட்கார்ந்து குழாய் வழியாகக் காற்றை அனுப்பும். அந்தக் குழாயை நடுவில் வெட்டி, முன்னால் பம்பருக்குள் ஓர் இன்டர்கூலரை வைத்துவிடலாம். உங்களுக்குக் கிடைப்பது ட்வின் ஸ்க்ரூ. அது மேனிஃபோல்டின் மேலேயே குந்தியிருக்கும். அதன் வாயிலிருந்து விழும் காற்று நேராக நான்கு கிளைகளுக்குள் போய்விடும். நடுவில் கை நுழைய இடமில்லை. இதில் இன்டர்கூலர் வேண்டுமென்றால் அதற்கென்றே வார்த்த வேறு மேனிஃபோல்டு வேண்டும்; அதன் வயிற்றுக்குள் தண்ணீர் ஓடும் கோர் இருக்கும். அப்படியென்றால் அடுத்த வருடம் மேல்பகுதி முழுவதையும் கழற்ற வேண்டும், பெல்ட் நீளம் மாறலாம், டியூனை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. நண்பரிடம் பேரம் பேசுவதற்கு முன்னால், அந்த மாடலுக்கு இன்டர்கூலர் மேனிஃபோல்டு தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று தயாரிப்பாளரிடமே கேட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் 3,500 டாலர் மலிவு இல்லை.

தண்ணீர் வகை இன்டர்கூலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போவது எல்லாம் இங்கேதான். காற்றின் சூட்டை மேனிஃபோல்டுக்குள் இருக்கிற கோர் வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும். தண்ணீரை ஒரு மின்பம்பு முன்னால் இருக்கிற சின்ன ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே ஆறித் திரும்பும். எஞ்சின் கூலன்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. எஞ்சின் தண்ணீர் 90 டிகிரி, அதை வைத்து எதைக் குளிர வைப்பது? குறைந்த தூரத்தில் இந்த வகை பிரமாதம், தண்ணீர் நிறையச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் ஒருமுறை சூடேறிவிட்டால் இறங்க நேரமாகும். சிக்னலில் பத்து நிமிடம் நின்றாலே மேனிஃபோல்டு முழுக்கச் சூட்டில் ஊறிப்போகும். டிராக் டேயில் நாலாவது சுற்றில் இதுதான் நடக்கும். அதற்கு மருந்து பெரிய கோர் இல்லை. முன்னால் இருக்கிற ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும், பம்பு பலமாக இருக்க வேண்டும், தண்ணீர் கொள்ளளவு கூட இருக்க வேண்டும். பல கிட்டுகளில் இந்த மூன்றில்தான் காசு மிச்சம் பிடிப்பார்கள், ஏனென்றால் படத்தில் பளபளவென்று தெரிவது சூப்பர்சார்ஜர்.

பொருத்திய பிறகு ஒரு வேலையை நீங்களே செய்யுங்கள். இன்டர்கூலருடைய தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, பம்பு ஓடும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். தண்ணீர் சுழன்று வர வேண்டும், குமிழி வரக் கூடாது. மேலே இருக்கிற கோருக்குள் காற்று சிக்கிக்கொண்டால் பம்பு உறுமிக்கொண்டே இருக்கும், தண்ணீர் நகராது. கோருக்குப் போகிற ஹோஸையும் திரும்பி வருகிற ஹோஸையும் ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று சூடாகவும் இருந்தால் நல்லது. ஒன்று கை வைக்க முடியாத சூடும் மற்றது பச்சைத் தண்ணீருமாக இருந்தால் ஓட்டம் இல்லை என்று அர்த்தம். டைனோ தேவையில்லை, கை போதும்.

எஞ்சின் தாங்குமா என்று கேட்டீர்கள். எஃப்ஏ20-ல் மெல்லியது, பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கிற கனெக்டிங் ராட். அதை வளைப்பது பவர் என்பதைவிட டார்க். குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று வருகிற இழுவைதான் ராடுக்கு எமன். இங்கேதான் ட்வின் ஸ்க்ரூவின் நல்ல குணமே கெட்ட குணமாகிறது. சென்ட்ரிஃப்யூகல் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்றபடி அழுத்தம் கொடுக்கும். 7400-ல் அரை பார் தருவது பாதிச் சுற்றில் அதில் கால்வாசிதான் தரும். நீங்கள் குறை சொல்கிற 3500–4500 பள்ளம் அதில் பெரிதாக நிரம்பாது. ட்வின் ஸ்க்ரூ 2500-லேயே கிட்டத்தட்ட முழு அழுத்தத்தைக் கொடுத்துவிடும். பள்ளம் நிரம்பும், வண்டி வேறு வண்டியாகும். அந்த இழுவை மொத்தமும் ராடின் மேல் அழுத்தமாக வந்து உட்காரும். அதோடு நாக்கிங்கும் சேர்ந்தால், ஓசை கேட்பதற்குள் ராட் வளைந்திருக்கும். உடையாது, வளையும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும், ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்திருக்கும், யாரும் காரணம் கண்டுபிடிக்காமல் பிளக்கையும் காயிலையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றை நான் அவிழ்த்திருக்கிறேன். நாலு பிஸ்டனையும் மேஜையில் வரிசையாக வைத்தபோது மூன்றாவது ராட் சற்றே வணக்கம் வைக்கிற மாதிரி இருந்தது.

என் வரம்பு இதுதான்: உள்ளே எதையும் திறக்காத எஃப்ஏ20 என்றால் 7 பிஎஸ்ஐ-க்கு மேல் போக மாட்டேன், எஞ்சின் டார்க்கை 280 நியூட்டன் மீட்டருக்குள் வைப்பேன், 4000-க்குக் கீழே டியூனில் வேண்டுமென்றே கொஞ்சம் அடக்கி வைப்பேன். "சின்னப் புல்லி போட்டால் இன்னும் 30 கிலோவாட் சும்மா வரும்" என்று யாராவது சொன்னால், எஞ்சின் திறந்து செய்கிற செலவையும் அந்தச் சும்மாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பவர் கணக்கு. உங்கள் கார் ஷோரூமிலிருந்து வந்தபோது 147 கிலோவாட், 205 நியூட்டன் மீட்டர். காற்று 38 சதவீதம் கூடினால் 200-ஐத் தொடும். ஆனால் சூப்பர்சார்ஜரைச் சுற்றுவதே எஞ்சின்தான். 7000 ஆர்பிஎம்மில் அந்தக் காற்றை அமுக்கவே பத்து கிலோவாட் பக்கம் பெல்ட் வழியாகப் போய்விடும். பாதுகாப்பான டியூனில் இன்னும் கொஞ்சம் விடுவோம். ஆக, 185 கிலோவாட் சுற்றுவட்டாரம் என்று வையுங்கள், சக்கரத்தில் 150-க்குச் சற்று மேல். பெரிய எண் இல்லை என்று தோன்றும். மூன்றாம் கியரில் 4000-ல் மிதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இன்டர்கூலர் இல்லாமல் வெயில் நாளில் இந்தக் கூடுதலில் ஒரு நல்ல பங்கு கரைந்துவிடும் என்பதை மேலே அந்த வெள்ளி நிறக் காரில் பார்த்தோம்.

இவ்வளவும் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால். அளக்காமல் எதையும் அவிழ்க்கக் கூடாது என்பது நான் கோவையில் லேத் பட்டறையில் கற்ற முதல் பாடம். மேஸ்திரி ஸ்பேனரோடு வெர்னியரையும் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார். நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட் இரண்டும் செய்யுங்கள். பாக்ஸரில் பிளக்குகள் சேசிஸ் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் இருக்கும், கழற்றுகிறவர் முணுமுணுப்பார், பரவாயில்லை. அப்புறம் உங்கள் கார் 2013. அந்தக் காலத்து 86-களையும் அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட்களையும் வால்வு ஸ்பிரிங் மாற்ற 2018 இறுதியில் திரும்ப அழைத்தார்கள். உங்கள் காருக்கு அந்த வேலை நடந்ததா என்று விசாரியுங்கள். நடந்திருந்தால் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தட்டைக் கழற்றி, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையையும் பாருங்கள். அந்த வேலையில் எஞ்சின் மூடியைத் திரும்ப ஒட்டும்போது சீலன்ட் அதிகமாகப் பூசியிருந்தால் அதன் துணுக்குகள் அந்த வலையில் வந்து அடையும். சூப்பர்சார்ஜர் போட்ட எஞ்சினில் ஆயில் அழுத்தம் குறைவதைப் போல ஆபத்து வேறில்லை.

பழைய கிட் வாங்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுவழுவென்று, கனமாகச் சுற்ற வேண்டும். கரகரப்பு இருந்தால் பேரிங். காற்று வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரோட்டரின் பூச்சில் கீறல் இருந்தால் எப்போதோ ஒரு கல்லோ நட்டோ உள்ளே போயிருக்கிறது. பிராக்கெட், போல்ட், வேக்குவம் ஹோஸ் எல்லாவற்றையும் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுங்கள், எப்போதும் இரண்டு குறையும். "டியூனும் சேர்த்துத் தருகிறேன்" என்பதை நம்ப வேண்டாம். டியூன் லைசென்ஸ் பெரும்பாலும் அவருடைய காரின் இசியூவோடு கட்டுப்பட்டது, உங்கள் காரில் ஏறாது. ஏறினாலும் அது அவருடைய எஞ்சினுக்குச் செய்தது.

கிட்டோடு சேர்ந்து செய்ய வேண்டியவற்றில் ஆயில் கூலரை மட்டும் நான் வற்புறுத்துவேன், டிராக் போகிறவராக இருப்பதால். தெர்மோஸ்டாட் உள்ளதாகப் போடுங்கள், இல்லையென்றால் ஜூலைக் குளிரில் காலையில் ஆயில் சூடேறவே மாட்டேன் என்னும். பெட்ரோல் 98 மட்டும். எத்தனால் பெருமளவு கலந்த இ85 பற்றிக் கேட்பீர்கள்: எத்தனால் நாக்கிங்கை அருமையாக அடக்கும், ஆனால் 30 சதவீதம் கூடுதலாகத் தெளிக்க வேண்டும், அதற்கு இன்ஜெக்டரும் பம்பும் மாற வேண்டும், உங்கள் வீட்டுப் பக்கத்து பங்க்கில் கிடைக்கவும் வேண்டும். இப்போதைக்கு விடுங்கள். கிளட்ச் வழுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பிரேக் ஃப்ளூயிட் இன்றைக்கே மாற்றுங்கள், அதற்கு சூப்பர்சார்ஜர் காரணம் வேண்டாம்.

சட்டம். விக்டோரியாவில் சூப்பர்சார்ஜர் பூட்டினால், மாற்றிய வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் வாஸ் (VASS) இன்ஜினியர் ஒருவரின் சான்றிதழ் வேண்டும். பூட்டிய பிறகு தேடாதீர்கள். பூட்டும் முன்பே அவரிடம் பேசி, அவருக்கு என்னென்ன காகிதம் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்துவிட்டு விபத்து நடந்தால் 3,500 டாலர் மிச்சம் பிடித்தது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தங்கை விஷயம் இதைவிடச் சுலபம்: அவர் ஓட்ட முடியாது. பி பிளேட்காரர்களுக்கு டன்னுக்கு 130 கிலோவாட் வரம்பு. உங்கள் கார் இப்போது 120 பக்கத்தில் இருப்பதால் தப்பிக்கிறது. ஆனால் பவருக்காக எஞ்சினை மாற்றியமைத்த காரே அவர்களுக்குக் கூடாது, எண் எதுவாக இருந்தாலும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் வீட்டில் இதைப் பேசிவிடுங்கள். எஞ்சினைவிட இதில் சத்தம் அதிகம் வரலாம்.

காசு என்று பார்த்தால், கிட், இன்டர்கூலர், பொருத்துகூலி, டியூன், ஆயில் கூலர், சான்றிதழ் எல்லாம் சேர்ந்து 10,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும். அந்தப் பள்ளம் மட்டும்தான் உங்கள் உறுத்தல் என்றால் நல்ல ஹெடரும் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்) டியூனும் அதில் பெரும்பகுதியை நிரப்பிவிடும், செலவு இதில் ஒரு சிறு பங்குதான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒன்று பழைய ஹெடருக்குள்ளேயே இருப்பதால், புதியதிலும் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் காரை விற்று இந்தப் பத்தாயிரத்தையும் போட்டு, மேலும் கொஞ்சம் சேர்த்தால், 2022 முதல் வந்த ஜிஆர்86 கைக்கெட்டும்: 2.4 லிட்டர், 174 கிலோவாட், 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3700-லேயே. பள்ளம் பெரிதாக இல்லை, தங்கையின் கேள்விக்கு மட்டும் அங்கும் பதில் அதேதான், டன் கணக்கில் அது வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்தால் இந்தக் காரை விற்கிற எண்ணம் உங்களுக்குக் கிடையாது என்று தெரிகிறது. எனக்கும் அப்படி ஒரு கார் உண்டு, அதனால் அந்தப் பேச்சை இழுக்கவில்லை.

இந்த வாரம் கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும் செய்யுங்கள். நாலு எண்ணையும், எஞ்சின் சூடாக இருந்ததா, ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்து எடுத்தார்களா என்பதையும் எழுதி அனுப்புங்கள். நாலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அடுத்து எந்த இன்டர்கூலர் மேனிஃபோல்டு என்று பேசலாம்.